பில்டர் காபியில் என்ன குறை? நாக்கில் தெரிவதை வைத்துச் சரிசெய்யும் வழி

வீட்டுக் காபி சரியில்லை என்றால் முதலில் பழி விழுவது பொடியின் மேல். கடையை மாற்றுவார்கள், பிராண்டை மாற்றுவார்கள், யாரோ சொன்னார்கள் என்று விலை கூடிய பீபெரி கொட்டை வாங்குவார்கள். பில்டரின் மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி டிகாஷன் எப்படிச் சொட்டுகிறது என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். வீட்டுக் காபியின் குறைகளில் பெரும்பாலானவை அந்தச் சொட்டும் வேகத்திலேயே தெரிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். சுமாரான பொடியில்கூட நிதானமாக இறங்கிய டிகாஷன் குடிக்கும்படி இருக்கும். அவசரமாக ஓடி வந்தது எந்தப் பொடியானாலும் தேறாது.

எதையும் மாற்றும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு ஸ்பூன் டிகாஷனில் நாலைந்து ஸ்பூன் வெந்நீர் விட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அது நன்றாக இருந்து காபி மட்டும் நன்றாக இல்லை என்றால் குறை பாலிலோ கலக்கும் கணக்கிலோ இருக்கிறது. அதுவே சரியில்லை என்றால் பொடி, தண்ணீர், பில்டர் மூன்றில் ஒன்று. இந்தச் சோதனை செய்யாமல் தேடினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். இன்னொன்று: ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும். பொடியையும் அளவையும் பாலையும் ஒரே காலையில் மாற்றினால், காபி நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவும் வேண்டும். இரண்டு பேருக்கு 25 கிராம் பொடி, அதாவது பெரிய ஸ்பூனால் குவித்து மூன்று. தண்ணீர் 120 மில்லி. பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பதால் கீழே இறங்குவது 70 மில்லி போல இருக்கும். அதை இரண்டு டம்ளருக்குப் பிரித்து, ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு பால். சிறிய பில்டரில் இது இறங்கி முடிய கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக வேண்டும். இருபது நிமிடம் ஆனாலும் நல்லதுதான்.

"தண்ணியா இருக்கு. எவ்வளவு பொடி போட்டாலும் ஏறவில்லை"

தண்ணீர் ஊற்றிய ஒரு நிமிடத்தில் பாருங்கள். நூல் பிடித்த மாதிரி ஒழுகினால் காரணம் தெரிந்துவிட்டது. தண்ணீர் பொடியோடு இருக்கவே இல்லை, வந்த வேகத்தில் போய்விட்டது. சொட்டுச் சொட்டாக, ஒன்று விழுந்து அடுத்தது விழுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும்.

வேகமாக ஓடுவதற்கு அடிக்கடி காரணமாவது பில்டரின் அளவு. கல்யாணத்தில் பரிசாக வந்த, எட்டு பேருக்கான பில்டரில் இரண்டு பேருக்கு மட்டும் பொடி போட்டால் அடியில் மெல்லிய பூச்சாகத்தான் கிடக்கும். தண்ணீர் அதை ஒரு நொடியில் தாண்டிவிடும். அமுக்கிய பிறகு பொடி ஓர் அங்குல உயரமாவது நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சிறிய பில்டர் வாங்குங்கள். விலை கூடிய பொடிக்குக் கொடுக்கும் பணத்தை விட இது பயன் தரும்.

அடுத்தது அமுக்குவது. தண்டு வைத்த அந்தத் துளைத் தட்டைப் பல வீடுகளில் எங்கோ டப்பாவில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அதை எடுங்கள். பொடியைப் போட்டதும் பில்டரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிச் சமமாக்குங்கள். தட்டை மேலே வைத்து ஒரே ஒரு விரலின் கனத்தில் அமுக்கி, அங்கேயே விட்டுவிடுங்கள். பிறகு தண்ணீரில் கால் பங்கை மட்டும் தட்டின் மேல் சுற்றி ஊற்றிப் பொடியை நனையவிடுங்கள். புதிதாக வறுத்து அரைத்த பொடியானால் தட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரும், தட்டே லேசாக மேலே எழும். வறுபட்ட கொட்டைக்குள் தங்கியிருந்த கரியமில வாயு வெளியேறுவதுதான் அது. அந்த வாயு போகும் வரை தண்ணீர் பொடிக்குள் சரியாக இறங்காது. அரை நிமிடம் பொறுத்து மீதித் தண்ணீரை மெதுவாக ஊற்றி மூடிவிடுங்கள். அண்டாவிலிருந்து கவிழ்ப்பது போல ஒரே இடத்தில் ஊற்றினால் பொடியில் பள்ளம் விழும். தண்ணீர் முழுவதும் அந்தப் பள்ளம் வழியாகவே ஓடும், சுற்றியுள்ள பொடி சும்மா நனைந்து கிடக்கும்.

இதெல்லாம் செய்தும் ஓடுகிறது என்றால் பொடி கொரகொரப்பாக அரைபட்டிருக்கிறது. அடுத்த முறை அரைக்கும்போது "பில்டருக்கு, கொஞ்சம் நைஸா" என்று சொல்லுங்கள். விரல் நுனியில் தேய்த்தால் ரவையை விட மெலிதாகவும் மைதாவை விடக் கரடாகவும் இருப்பதுதான் பதம்.

சிக்கரி இல்லாத பொடிக்கு மாறியவர்களும் தண்ணியாக இருக்கிறது என்பார்கள். இது குறையே இல்லை. சிக்கரி வேரில் தண்ணீரில் கரையும் சத்து காபிக் கொட்டையை விட அதிகம், நிறமும் கனமும் அதிலிருந்து வருகிறது. அதை எடுத்துவிட்டால் டிகாஷன் நிறம் இளைத்துத்தான் தெரியும். தூய காபி போடுபவர்கள் பொடியைக் கொஞ்சம் கூட்டி, பாலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

"சொட்டவே மாட்டேன் என்கிறது"

பொடியைக் கிளறாதீர்கள். ஸ்பூனை விட்டுக் கிளறினால் நைசான தூள் எல்லாம் துளைகளில் போய் உட்காரும், அன்றைய டிகாஷனில் மண்டியும் இறங்கும்.

முதலில் மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கி, லேசாகத் திருப்பி மறுபடி வையுங்கள். பல சமயம் அந்த நொடியிலேயே சொட்ட ஆரம்பிக்கும். இரண்டு பாத்திரமும் இறுகப் பொருந்தும் பில்டரில், கீழே இருக்கும் காற்று வெளியேற வழி இல்லாமல் சூட்டில் விரிந்து, இறங்க வரும் டிகாஷனைத் தடுத்துக்கொண்டு நிற்கும். புது எவர்சில்வர் பில்டர்களில் இது அதிகம். அப்படிப்பட்ட பில்டரை எப்போதும் ஒரு பக்கம் இம்மி சாய்த்து வைத்தால் போதும்.

அதில் சரியாகவில்லை என்றால், அடுத்த முறை கழுவிய பிறகு மேல் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். துளைகள் எல்லாம் ஊசிமுனை வெளிச்சமாகத் தெரிய வேண்டும். அங்கங்கே இருட்டாக இருந்தால் அவை அடைபட்டவை. காபி எண்ணெயும் தூளும் சேர்ந்து காய்ந்து பிசினாகிவிடும், சாதாரணமாகத் தேய்த்தால் போகாது. எவர்சில்வர் பில்டரானால் நன்றாகக் காயவைத்து, இடுக்கியால் பிடித்து, துளைப் பக்கத்தைச் சிறு தணலில் கொஞ்ச நேரம் காட்டுங்கள். உள்ளே இருக்கும் தூள் கருகிவிடும். ஆறிய பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். பித்தளை பில்டரை மட்டும் அடுப்பில் காட்டவே கூடாது. அதன் உட்புறம் பூசியிருக்கும் ஈயப்பூச்சு பெரும்பாலும் வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும், அடுப்புத் தணலோ அதை விடப் பல மடங்கு சூடு. பித்தளைக்கு வெந்நீரில் எலுமிச்சைச் சாறு விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுப்பதுதான் வழி.

துளைகள் சுத்தமாக இருந்தும் சொட்டவில்லையா? அழுத்தி அமுக்கியிருப்பீர்கள், அல்லது பொடி மாவாக அரைபட்டிருக்கும், அல்லது சிக்கரி அதிகம். சிக்கரி தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். சிக்கரி கூடிய பொடியை அமுக்காமல் தட்டை மட்டும் மேலே வைத்து விடுங்கள்.

"கசக்கிறது"

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கசப்பில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. காபிக்குக் கசப்பு வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. குடித்து முடித்ததும் நாக்கில் கொஞ்ச நேரம் நின்று இனிமையாக விலகும் கசப்பு அது. கீழே சொல்பவை அந்தக் கசப்பு இல்லை.

நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடித்தால், துவர்ப்பும் சேர்ந்து வந்தால், டிகாஷன் அதிக நேரம் ஊறியிருக்கிறது. காபித்தூளில் நல்ல சுவைகள் முதலில் கரையும், கடைசியில் வருவது காரலும் துவர்ப்பும். அரை மணிக்கு மேல் இழுத்துக்கொண்டு சொட்டும் பில்டரில் இதுதான் நடக்கிறது. இரண்டாவது டிகாஷனை முதல் டிகாஷனோடு கலக்கும் வீடுகளிலும் இதே சுவைதான் வரும். சிக்கனம் புரிகிறது. ஆனால் கள்ளிச்சொட்டாக இறங்கிய முதல் டிகாஷனில் அந்தத் தண்ணீரை ஊற்றுவது இரண்டையும் கெடுப்பது. இரண்டாவதைத் தனியாக வைத்து, சர்க்கரை கூட்டிப் பிற்பகலில் குடித்துவிடுங்கள்.

சாம்பல் வாசனையோடு கசந்தால் கொட்டை கருக வறுபட்டிருக்கிறது. வறுத்து அரைக்கும் கடையானால் கொட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். கரிய நிறத்தில் எண்ணெய் பூத்துப் பளபளத்தால் வறுவல் தாண்டிவிட்டது. நல்ல பழுப்பில், மேலே ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

முரட்டுக் கசப்பு, குடித்ததும் படபடப்பு என்றால் ரோபஸ்டா என்ற வகைக் கொட்டை கூடுதலாகக் கலந்த பொடியாக இருக்கலாம். இன்னொரு வகையான அரபிக்காவை விட அதில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரோபஸ்டா கெட்ட கொட்டை இல்லை. பாலோடு குடிக்கும் நமக்கு அதன் கனம் கொஞ்சம் தேவைதான். நான்கில் ஒரு பங்கு ரோபஸ்டா, மீதி பிளான்டேஷன் ஏ (அரபிக்காவில் ஒரு தரம்) என்று கேட்டு அரைத்தால் மணமும் இருக்கும், பாலையும் தாங்கும். பீபெரிக்குத் தரும் கூடுதல் விலை என்னைப் பொறுத்தவரை அவசியம் இல்லை. பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றைக் கொட்டையாக விளைந்தது அது. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும், அந்த அளவுக்குத்தான் அதன் பெருமை.

கருகிய வெல்லத்தின் வாடையோடு நாக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கசப்பு சிக்கரியுடையது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபியும் சிக்கரியும் எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும் சட்டம். அதாவது கிட்டத்தட்ட பாதி சிக்கரியாக இருக்கும் பாக்கெட்டையும் காபி-சிக்கரி கலவை என்று சட்டப்படி விற்கலாம். விலை மலிவாக இருந்தால் இந்த எண்ணை அவசியம் படியுங்கள். 80க்கு 20 என்பது பெரும்பாலோர் நாக்குக்குப் பிடிக்கும் கணக்கு. 85க்கு 15 இன்னும் நன்றாக இருக்கும்.

கடைசியாக, டிகாஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்கினீர்களா? அப்படியென்றால் மேலே சொன்ன எதையும் தேட வேண்டாம். கொதித்த டிகாஷன் கசந்தே தீரும். ஆறிய டிகாஷனைச் சூடாக்க, அது இருக்கும் கிண்ணத்தைக் கொதிநீர் உள்ள பாத்திரத்தில் சில நிமிடம் வையுங்கள். அதைவிடச் சுலபம், பாலை நன்றாகக் கொதிக்கவிட்டு டிகாஷனை அப்படியே ஊற்றுவது.

அன்றைய காபி ஏற்கெனவே கசந்துவிட்டது, விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் டிகாஷனில் நாலு கல் உப்பு. சோடியம் கசப்பை நாக்கில் மட்டுப்படுத்தும். உப்புக் கரிக்கும் அளவுக்குப் போகக் கூடாது.

"புளிக்கிறது"

பெரும்பாலும் தண்ணீர் சூடு போதவில்லை. 90 டிகிரிக்குக் கீழே போனால் புளிப்பு மட்டும் கரைந்து, அதைச் சமன் செய்யும் இனிப்பும் கசப்பும் பொடியிலேயே தங்கிவிடும். தளதளவென்று கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடத்தில் ஊற்றுங்கள். பிளாஸ்கில் இருந்த வெந்நீர் ஆகாது. ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் அரை நிமிடமும் காத்திருக்க வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குக் கிட்டத்திலேயே கொதித்துவிடும், அடுப்பிலிருந்து நேரே ஊற்றலாம். குளிர்காலத்தில் எவர்சில்வர் பில்டரைக் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிச் சூடாக்கி, துடைத்துவிட்டுப் பொடி போடுங்கள்.

பித்தளை பில்டரில் புளிப்போடு செம்புக் காசு நாக்கில் பட்ட மாதிரி ஒரு வாடை வந்தால், அன்றே நிறுத்திவிடுங்கள். ஈயப்பூச்சு தேய்ந்து பித்தளை வெளியே வந்துவிட்டது. காபியின் அமிலம் அதில் பட்டால் களிம்பு ஏறும். பூச்சுப் போட்ட பிறகுதான் மறுபடி எடுக்க வேண்டும், அதுவும் காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு.

"வீடெல்லாம் மணக்கிறது, டம்ளரில் மணமே இல்லை"

வீடு மணந்தால் அது டம்ளரிலிருந்து போன மணம். தண்ணீர் ஊற்றியதும் பில்டரை மூடுங்கள். இறங்கியதும் டிகாஷனைத் திறந்து வைக்காதீர்கள்.

வீடும் மணக்கவில்லை என்றால் பொடி பழசு. அரைத்த பொடி இரண்டு வாரத்தில் இளைத்துவிடும், ஒரு மாதத்தில் வெறும் நிறம்தான். கிலோ கணக்கில் வாங்காமல் வாரத்துக்கு ஒருமுறை 100, 200 கிராமாக வாங்குவதுதான் நிரந்தர வழி. மில்லில் அரைத்து வாங்கும் பொடி வீட்டுக்கு வரும்போது இளஞ்சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் போட்டு இறுக மூடினால் உள்ளே வேர்த்து, அந்த ஈரத்திலேயே மணம் போய்விடும். பாக்கெட்டின் வாயைத் திறந்து சூடு ஆறியதும் டப்பாவில் அடையுங்கள். அன்றாடம் எடுக்கும் பொடிக்குப் பிரிஜ் வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் ஈரம் கோக்கும், பெருங்காய வாசனையும் ஒட்டும். அடுப்புக்கு மேல் அலமாரியும் வேண்டாம். அடுப்பிலிருந்து தள்ளி, வெளிச்சம் படாத தட்டில் எவர்சில்வர் டப்பா போதும்.

பொடியும் புதிது, மணமும் இல்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். போர் தண்ணீரில் இருக்கும் கார்பனேட் உப்புகள் காபியின் அமிலத்தை முறித்துவிடும். சுவை தட்டையாகி, சுண்ணாம்பு வாடை போல ஒன்று நிற்கும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். நேர்மாறாக ஆர்.ஓ. தண்ணீரில் உப்பே இல்லாமல் போனாலும் காபி எடுபடாது. சுவையை இழுத்து வெளியே கொண்டு வர கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சம் வேண்டும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவுக்குக் கரைந்த உப்பு உள்ள தண்ணீர் காபிக்கு ஏற்றது. ஆர்.ஓ. தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வரலாம். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் தெருக்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கிருந்து வேறு ஊருக்குக் குடிபோனவர்கள் அதே பொடியில் காபி சரியில்லை என்று சொல்வது வெறும் ஊர்ப்பாசம் அல்ல.

"டிகாஷன் நன்றாக இருக்கிறது, காபி நன்றாக இல்லை"

பாலைப் பாருங்கள். 3 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் நீல பாக்கெட்டில் காபி இளைத்துத்தான் இருக்கும். 4.5 உள்ள பச்சை பாக்கெட் போதுமானது. 6 உள்ள ஆரஞ்சு பாக்கெட் வாயில் கனமாகப் படியும், டிகாஷன் கெட்டியாக இருந்தால்தான் அதற்கு ஈடுகொடுக்கும். எதிலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். காய்ச்சிய பாலை மறுபடி மறுபடி கொதிக்கவைத்தால் வெந்த பாலின் வாடை காபியை மூடிவிடும். ஆகவே காபிக்கு வேண்டியதை மட்டும் தனியாக எடுத்து, பொங்கி வரும்போது இறக்கிவிடுங்கள்.

பால் திரிகிறது என்றால் பால் ஏற்கெனவே புளிக்கத் தொடங்கிவிட்டது. காய்ச்சும்போது தாக்குப்பிடித்தது, டிகாஷனின் அமிலம் பட்டதும் உடைகிறது. சந்தேகமான நாளில் ஒரு கரண்டிப் பாலில் சில சொட்டு டிகாஷன் விட்டுப் பார்த்துவிட்டுக் கலக்குங்கள். நேற்றைய டிகாஷனும் புளிப்பேறியிருக்கும், அதனாலும் திரியும். கருப்பட்டி போடுபவர்கள் அதைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது. இறக்கிய பிறகு, கரைத்து வடிகட்டியதை ஊற்ற வேண்டும்.

காலையில் நன்றாக இருந்து மாலையில் சப்பென்று இருந்தால் அதற்கு மருந்தே இல்லை. மாலைக்குத் தனியாகப் போட வேண்டும். மூடிய கண்ணாடிக் குப்பியில் பிரிஜ்ஜில் வைத்தால் ஓரளவு தாங்கும், அவ்வளவுதான்.

வெளிநாட்டில், எலக்ட்ரிக் டிரிப் மெஷினில்

ஊரிலிருந்து கொண்டுபோன பொடியை மெஷினில் போட்டால் காகித வடிகட்டி அடைத்துக்கொண்டு மேலே வழிவதாகச் சொல்வார்கள். நைசான பொடியும் சிக்கரியும் அந்தக் காகிதத்துக்கு ஆகாது. மெஷினுக்குச் சிக்கரி இல்லாமல், மணல் பதத்தில் அரைத்ததை வாங்குங்கள், லிட்டருக்கு 55 முதல் 60 கிராம். அது பால் விட்டுக் குடிக்கும் டிகாஷன் ஆகாது. கறுப்பாகவோ, ஒரு சொட்டுப் பால் விட்டோ குடிக்க வேண்டியது. பாலோடுதான் வேண்டும் என்றால் ஊர்ப் பொடிக்குச் சின்ன எவர்சில்வர் பில்டர் ஒன்று பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். மெஷினில் போட்ட காபி கருகிக் கசந்தால் குற்றவாளி பெரும்பாலும் கீழே இருக்கும் சூட்டுத் தட்டு. இறங்கி முடிந்ததும் தட்டை அணைத்துவிட்டு, வெந்நீரால் அலசிய பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள்.